தரையில் இருப்பவர்கள்

'கிராவிட்டி' படம் 2013இல் வந்தபோது விஷயம் அறிந்தவர்கள் பட்டியல் போட்டுக் குறை சொன்னார்கள். ஹப்பிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்வெளி நிலையமும் வேறு வேறு உயரத்தில், வேறு வேறு சாய்வில் சுற்றுபவை. முதுகில் கட்டிய சின்ன உந்துவிசைப் பொறியை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர முடியாது. சாண்ட்ரா புல்லக்கின் தலைமுடி எடையின்மையில் மிதக்கவே இல்லை. எல்லாம் சரிதான். நமக்கு உறுத்துவது இன்னொரு பிழை. விண்குப்பை தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களை நொறுக்கிவிட்டது, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தோடு பேச்சு அறுந்தது என்று படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நாசா தன் விண்கலங்களோடு பேசப் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஹப்பிள் சுற்றுகிற ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் பறக்கும் குப்பைக்கு அங்கே என்ன வேலை? ஆனால் அந்தப் பேச்சு அறுந்தால்தான் கதாநாயகி தனியாள் ஆவார். தரையில் இருப்பவர்களைக் கதையை விட்டுக் கிளப்புவதற்காகவே செய்த பிழை அது.

விண்வெளிப் படங்களின் யதார்த்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெற்றிடத்தில் சத்தம் கேட்குமா, நெருப்பு எரியுமா என்பதோடு முடிந்துவிடுகிறது. வேலை நடக்கும் விதம் சரியாகக் காட்டப்பட்டதா என்று கேட்பவர்கள் குறைவு.

'கிராவிட்டி'யில் அந்த ஹூஸ்டனின் குரல் எட் ஹாரிஸுடையது. 1995இல் 'அப்பல்லோ 13' படத்தில் விண்பயண இயக்குநர் ஜீன் கிரான்ஸாக நடித்தவர் அவர். ரான் ஹோவர்ட் இயக்கிய அந்தப் படம் இந்த வகையில் மரியாதைக்குரியது. எடையின்மையைக் காட்ட நடிகர்களைக் கயிற்றில் தொங்கவிடாமல் நாசாவின் கேசி-135 விமானத்தில் ஏற்றினார்கள். அது மேலே பாய்ந்து கீழே சரியும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் இருபத்தைந்து வினாடிக்குள் ஒரு துண்டுக் காட்சி. இவ்வளவு மெனக்கெட்டவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கைவைத்தார்கள்: ஷிஃப்ட்.

ஹூஸ்டனில் நான்கு அணிகள் முறைவைத்து வேலை பார்த்தன. கிரான்ஸ், கிளின் லன்னி, ஜெரி கிரிஃபின், மில்ட் விண்ட்லர் என்று அணிக்கொரு இயக்குநர். 1970 ஏப்ரல் 13 இரவு, நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது கிரான்ஸின் முறை முடியும் நேரம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லன்னி வந்து பொறுப்பேற்றார். தாய்க்கலத்தில் மின்சாரம் செத்துக்கொண்டிருந்தது. அது முழுக்க அணைவதற்குள் திசைக்கணக்கை நிலவிறங்கு கலத்தின் கணினிக்கு மாற்ற வேண்டும். உறங்கிக்கொண்டிருந்த அந்தக் கலத்தை எழுப்ப வேண்டும். இது லன்னி அணியின் கையில் நடந்தது. கிரான்ஸ் தன் ஆட்களைத் தனியறைக்கு அழைத்துப்போய்த் திரும்பி வருவதற்கான திட்டத்தில் உட்கார்ந்தார். படத்தில் லன்னிக்குக் கிடைத்தது சில வினாடிகள்.

திரைக்கதைக்கு ஒரு முகம் வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கட்டுப்பாட்டு அறையின் ஜான் ஆரனும் இன்னும் பலரும் சேர்ந்து எழுதிய, தாய்க்கலத்தை மறுபடி உயிர்ப்பிக்கும் வரிசைமுறையில், தரையில் இருந்த விண்வெளி வீரர் கென் மாட்டிங்லியின் பங்கைப் படம் பெரிதாக்கிக் காட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் மாறியதை மறைத்தது அப்படிப்பட்டதல்ல. களைத்த கெட்டிக்காரன் எழுந்து போவான், புதிதாக வந்தவன் அதே நாற்காலியில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வான் என்கிற ஏற்பாட்டின்மேல்தான் அந்த அறை நின்றது. எட் ஹாரிஸ் எழுந்து போகாத அறை வேறு ஏதோ அறை.

தோல்விக்கு இங்கே இடமில்லை என்ற பொருளில் அந்தப் படத்தில் வரும் புகழ்பெற்ற வசனத்தையும் கிரான்ஸ் 1970இல் சொல்லவில்லை. ஜெரி பாஸ்டிக் என்ற இன்னொரு அதிகாரியிடம் பேசிய பிறகு திரைக்கதையாசிரியர்கள் உருவாக்கியது அது. 2000இல் வெளியான தன் சுயசரிதைக்குக் கிரான்ஸ் அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்வானேன், நல்ல வசனம். ராக்கெட்காரர்கள் சினிமாவிடம் கடன் வாங்குவது புதிதும் அல்ல. புறப்பாட்டுக்கு முன் எண்களைத் தலைகீழாக எண்ணுவது பரவியதற்கு, ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த 'நிலவில் பெண்' என்ற மௌனப் படத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

சினிமா கண்டுகொள்ளாத ஒரு பதவி ஹூஸ்டனில் இருந்தது: ஒத்திகை மேற்பார்வையாளர். விபத்துகளைக் கற்பனை செய்து எழுதுவதே அவருக்கு உத்தியோகம். எந்த வினாடியில் எந்தக் கருவி பழுதாக வேண்டும், எந்த எச்சரிக்கை பொய்யாக ஒலிக்க வேண்டும் என்று திட்டமிட்டுப் பயிற்சிக் கணினியில் ஏற்றிவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து அத்தனை பேரும் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1969 ஜூலை 5, நிலவில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, டிக் கூஸ் என்ற மேற்பார்வையாளர் இறங்கு கணினியில் 1201 என்ற எச்சரிக்கையை நுழைத்தார். வழிகாட்டல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அந்த எண் அவருக்குப் பிடிபடவில்லை. இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். ஒத்திகை முடிந்ததும், கைவிட்டிருக்கக் கூடாது என்று கூஸ் கறாராகச் சொன்னார். அப்படி வரக்கூடிய எச்சரிக்கைகளையெல்லாம் எழுதிவையுங்கள் என்று கிரான்ஸ் உத்தரவு போட்டார். ஜாக் கார்மன் என்ற 24 வயதுக்காரர் அந்தப் பட்டியலைக் கையால் எழுதித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒலித்தது 1202. கார்மன் இருந்தது உலகம் பார்த்த அந்தப் பெரிய அறையில்கூட இல்லை, பின்னறையில். பட்டியலைப் பார்த்து, திரும்பத் திரும்ப வராதவரை பயமில்லை என்று பேல்ஸுக்குச் சொன்னார், பேல்ஸ் தொடரச் சொன்னார். நிலவில் கால் பதித்த கதையை எத்தனையோ முறை படமாக எடுத்துவிட்டார்கள். ஜூலை 5ஆம் தேதியின் கதையை மட்டும் வைத்து ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பல்லோ 10க்கான ஒத்திகை ஒன்றில் நிலவுக்கருகே தாய்க்கலத்தின் எரிபொருள் மின்கலங்கள் எல்லாம் செத்துப்போவதாக எழுதினார்கள். இறங்கு கலத்தை நேரத்துக்குள் எழுப்ப முடியாமல் அந்த ஒத்திகையில் வீரர்கள் 'இறந்தார்கள்'. நடக்கவே முடியாத கற்பனை என்று பலர் தள்ளிவிட்டார்கள். இறங்கு கலப் பிரிவினர் விடவில்லை. அந்தக் கலத்தை உயிர்காக்கும் படகாகப் பயன்படுத்துவது எப்படி என்று மாதக்கணக்கில் வேலை செய்து வரிசைமுறைகளை எழுதிவைத்தார்கள். மறு ஆண்டு லன்னியின் அணிக்குக் கைகொடுத்தது அந்த உழைப்பு.

பின்னால் இருக்கும் வேலை எப்போதும் காப்பாற்றுவதில்லை, கெடுத்தும் வைக்கும். அப்பல்லோ 13இல் வெடித்த தொட்டியின் வெப்பநிலைச் சுவிட்சு 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. ஏவுதளத்தில் கொடுப்பது 65 வோல்ட். இந்த மாற்றம் காகிதத்தில் சொல்லப்பட்டும் சுவிட்சை மாற்றவில்லை. பயணத்துக்கு முந்தைய மாதம் தொட்டி சரியாகக் காலியாகாததால் உள்ளிருக்கும் ஹீட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டார்கள். சுவிட்சு உருகி ஒட்டிக்கொண்டது. உள்ளே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் கணக்கு. வெளியே இருந்த அளவுமானியோ 27 டிகிரிக்கு மேல் காட்டாதது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. 'அப்பல்லோ 13' படம் இதைக் கடைசியில் ஓரிரு வாக்கியத்தில் தாண்டிப் போகிறது.

நம் ஊருக்கு வருவோம். 'டிக் டிக் டிக்' (2018) பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தகர்க்க ஒரு மாயவித்தைக்காரரை விண்வெளிக்கு அனுப்பியது. அதனிடம் யதார்த்தம் கேட்பது முறையல்ல. 'ராக்கெட்ரி' (2022) எஞ்சின் வேலையை அக்கறையோடு காட்டிய படம். ஆனால் நிறுவனத்தின் சாதனைகளை ஒருவர் தோளில் ஏற்றியதாகச் சொல்லி இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலரே எதிர்த்தார்கள். யாரும் படமாக்காத கதையும் நம்மிடம் உண்டு. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் துணையோடு அதை டன் கணக்கில் பெற்றுத் தூளாக்கி, பெங்களூருவில் செயற்கை நிலவுத்தரை போட்டு, சந்திரயானின் இறங்கு கலத்துக்கும் உலாவிக்கும் சோதனை வைத்தது இஸ்ரோ. பாறை உடைத்தவர், லாரி ஓட்டியவர், மண்ணைச் சலித்தவர் என்று பார்த்தால் ஒரு முழுநீளப் படத்துக்கு ஆள் இருக்கிறது. தயாரிப்பாளர்தான் இல்லை.

படம் எடுக்க நம்மிடம் பணம் கிடையாது; பக்கங்கள் உண்டு. மகேந்திரகிரி, தும்பா, ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு மையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தவர்கள், கேண்டீன் நடத்தியவர்கள் உட்பட, எழுதி அனுப்புங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். இரவு ஷிஃப்டில் என்ன செய்வீர்கள், மாறும்போது அடுத்தவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள், எந்தச் சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்யச் சொன்னார்கள் என்பது போதும். எழுத வராது என்பவர்கள் சொன்னால் நாங்கள் வந்து பதிவு செய்துகொள்கிறோம். சன்மானம் தர வழியில்லை. இதழின் ஐந்து பிரதிகள் நிச்சயம்.