பழைய காருக்கு நியாய விலை என்ன?

புதுவையில் பிரெஞ்சு ஆட்சி 1954-ல் நீங்கியது. அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதா? பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்!

1955-ல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட மெர்ஸிடிஸ் கார்களில் ஒன்று, 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு விலை போயிற்று.

அதற்காக ஆசைக்கு விலை சொல்லவும் கூடாது. மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பதுபோல், கார் வாங்குகிறவர் அசலைப் பார்ப்பார். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா?

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதியும் இதையே கேட்கிறது. 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாத வண்டிக்கே ‘வி.ஏ.’ எண். அதையும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாமே தவிர, தினமும் கடைத்தெருவுக்கு ஓட்ட முடியாது.

ஆகவே, விலை ஓட்டத்துக்கு அல்ல, புதுச் சாயத்துக்கும் அல்ல, அசலுக்கே!