விதியா, விலாசமா?

"ஆண்டவர் சித்தம்" என்று சொல்லி நாம் எத்தனை பெண்களை அடக்கம் செய்துவிட்டோம்! பிள்ளைகளைத் தவிக்கவிட்டு, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இரையான ஒருத்தியின் கல்லறையோரம் நின்று இவ்வாறு சொல்வது ஆறுதலன்று. இறைவன்மீது நாம் சுமத்தும் பழியாகும்.

இந்நோய் திடீரென வருவதன்று. மனிதப் பாப்பிலோமா என்னும் நச்சுயிரியே இதற்கு மூலகாரணம் எனக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகும். இத்தனை நீண்ட தவணைக்குள் ஒரு பெண்ணை எவரும் சென்று சேரவில்லை என்றால், அது யாருடைய குற்றம்?

ஏழை ஊர்களில் இதெல்லாம் இயலாது என்பார்க்குத் திண்டுக்கல் மாவட்டம் விடை கூறுகிறது. அங்கே ஊர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். நீர்த்த அசெட்டிக் அமிலமும் நல்ல வெளிச்சமுமே கருவிகள். அமிலம் பட்ட இடம் வெளுத்தால் அது எச்சரிக்கை. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் வெளியான முடிவு காட்டிற்று. ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே வறுமை. செவிலியர் வந்த ஊரில் பிழைக்க வழியிருந்தது; வராத ஊரில் அவ்வழி அடைபட்டிருந்தது. இதில் விதி எங்கே?

மருத்துவமனைக்குப் போகாதவள்மீதே பிழை என்போரும் உளர். ஒருநாள் கூலி போனால் அன்று உலை கொதிக்காத வீட்டை அவர்கள் கண்டதுண்டா? இரண்டு பேருந்து மாறிச் சென்று, வரிசையில் நின்று, அந்நிய ஆடவர்முன் உடலைக் காட்டக் கூசித் திரும்பியவளின் மனத்தை அவர்கள் அறிவார்களா? அந்தக் கூச்சத்தைக் கற்பித்தவர்களுள் நாமும் இருக்கிறோம். பெண்ணுடலைப் பற்றிய பேச்சையே அசுத்தமென ஒதுக்கியவர்கள் நாமல்லவா?

கொடியேற்றத்துக்கு ஊரையே திரட்டும் நாம், செவிலியர் வந்து பணியாற்றத் திரையிட்ட ஓர் அறையைப் பங்கு மன்றத்தில் ஒதுக்கினோமா? பரிசோதனைக்கு வருபவளின் அன்றைய கூலியை ஈடுசெய்ய ஒரு நிதி வைத்தோமா? தெருக்கோடியில் வாழ்பவளின் வாசலுக்கு முதலில் செல்வோம். அதைச் செய்யாதவரை, அடுத்த அடக்கத்தின்போது ஆண்டவர் சித்தம் என்று சொல்ல நமக்கு வாயில்லை.