கசப்புக்கு ஒரு நியாயம், கள்ளுக்கு ஒரு நியாயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கண்ணாடிக் குவளையின் படம் போட்டிருந்தார். 'ரை இந்தியா பேல் ஏல்' என்ற பீராம், கடையிலேயே காய்ச்சுவதாம். முதல் மிடறில் ஹாப்ஸ் பூவின் கசப்பு, பிறகு பம்ப்ளிமாஸ் வாசம், கடைசியில் ரை தானியம் தரும் மிளகுக் காரம் என்று ரசித்து எழுதியிருந்தார். நம் பிள்ளைகள் பலர் இதயம் விட்டிருந்தார்கள்.

அவர் குடித்ததில் எனக்கு வழக்கில்லை. வயது வந்த பிள்ளை, சொந்தச் சம்பளம். ஆனால் கள்ளுக்கான தடையை நீக்க வேண்டும் என்று நான் முன்பு எழுதியபோது, "சார், வாத்தியார் எழுதுற விஷயமா இது?" என்று கேட்டவரும் இவர்தான். என் வழக்கு அதில்தான் இருக்கிறது.

அந்தப் பீரில் 'இந்தியா' எப்படி வந்தது? கும்பினி காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் பீர் வந்தது. மாதக்கணக்கான பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். குடித்தவனும் காய்ச்சியவனும் அவர்கள். பெயர் மட்டும் நம்முடையது.

நம்முடையது தாமிரபரணித் தண்ணீர் எட்டாத திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் நிற்கிறது. பனையேறி காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி. தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். அது இருந்தால் அவர் உழைப்பாளி, இல்லாவிட்டால் குற்றவாளி!

1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பூரண மதுவிலக்கு என்றால் அதில் ஒரு ஒழுங்காவது இருக்கும். இங்கே 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 கடைசியில் சில்லறைக் கடைகளையும் தானே எடுத்துக்கொண்டது. அங்கே விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கள்ளில் சுமார் 4 முதல் 6. மாணவர் குடித்த வகைப் பீரில் பெரும்பாலும் 6, 7. கணக்குப் பாடம் சரியாக வராத பிள்ளைக்கும் இது புரியும்.

"கள்ளில் கலப்படம் செய்வார்களே" என்பார்கள். செய்வார்கள்தான். அதைப் பிடிக்கத்தானே அரசு? பாலில் கலப்படம் என்று மாட்டைத் தடை செய்தோமா? செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கேரளம். அங்கே உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடை நடத்துகிறார்கள். இங்கே 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் கொண்டுபோனது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளைத் தடுத்தது அவர்களைக் காப்பாற்றியதா?

குடியால் அழிந்த வீடுகளை நான் அறிவேன். மதியச் சாப்பாட்டுக்காக மட்டுமே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: அந்த வீடுகளை அழித்தது பெரும்பாலும் பாட்டில், பனை அல்ல.

பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்லது. மரத்தைக் காப்பாற்றி, ஏறுகிறவனுக்குப் பிழைப்பில்லாமல் செய்தால் அந்த மரம் யாருக்கு? ஒரு பருவம் முழுக்க உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற அப்பனைப் பார்த்த மகன், திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுகிறான். இந்தத் தலைமுறையோடு தொழில் போய்விட்டால், பிறகு தடையை நீக்கி என்ன பயன்?

பிள்ளைகளே, யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருங்கள், சந்தோஷம். ஆனால் ஊருக்கு வரும்போது பனங்காட்டுப் பக்கம் போய், பனையோலைப் பட்டையில் பதனி வாங்கிக் குடியுங்கள். பேரம் பேசாதீர்கள். அதன் ருசியையும் நாலு வரி எழுதிப் படம் போடுங்கள். ரைக்குக் கிடைத்த தமிழ் பனைக்கும் கிடைக்கட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம். திட்டுவதானாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.