விமானம் எங்கே என்று பயணியிடம் சொல்லுங்கள்

2025 டிசம்பர் 3 முதல் 5 வரை, மூன்றே நாட்களில் இண்டிகோ நிறுவனம் 2,507 விமானங்களை ரத்துசெய்தது. மேலும் 1,852 விமானங்கள் தாமதமாகின. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாடெங்கும் விமான நிலையங்களில் தவித்தார்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விசாரணை நடத்தி, ஜனவரியில் 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தவித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 740 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் பயணியின் கைக்கு வருகிற பணம் அல்ல. இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று அரசும் நிறுவனமும் நினைத்தால், அதை ஏற்க முடியாது.

விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த புதிய பணிநேர விதிகள் ஒரே இரவில் வந்தவை அல்ல. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டு, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தவை. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேலானோரை ஏற்றிச்செல்லும் நிறுவனம், அதற்கேற்ற விமானிகளைத் தயாராக வைக்கவும் இல்லை, அட்டவணையைக் குறைக்கவும் இல்லை. ஆட்களையும் விமானங்களையும் கடைசிச் சொட்டுவரை பிழிந்ததும் முன்தயாரிப்பு இல்லாததுமே காரணம் என்றுதான் விசாரணையும் சொன்னது. ஆனால் வளைந்தது எது? களைத்துப்போன விமானி விமானம் ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த இரவுப்பணி விதி, 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்காகத் தளர்த்தப்பட்டது. தவறு செய்தவருக்காகப் பாதுகாப்பைத் தள்ளிவைப்பது ஆபத்தான முன்னுதாரணம்.

டிசம்பரில் நடந்தது பெரிய அளவில் நடந்ததால் செய்தியானது. செய்தியாகாமல் அன்றாடம் நடப்பதைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்படுகிறோம்.

ஒரு விமானம் ஒரே நாளில் ஐந்தாறு தடவை பறக்கிறது. காலையில் டெல்லியில் மூடுபனியில் சிக்கி மூன்று மணி நேரம் நின்ற விமானம்தான் மாலையில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும் என்றால், மதுரை விமானம் நேரத்துக்குக் கிளம்பாது என்பது நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு மதியத்துக்கு முன்பே தெரியும். பயணிக்கு மட்டும் தெரியாது. அவர் வீட்டிலிருந்து கிளம்பி, பெட்டியை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உட்கார்ந்த பிறகு 45 நிமிடத் தாமதம் என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அது கழிந்ததும் இன்னும் ஒரு மணி நேரம் என்கிறார்கள். பிறகு மறுபடியும் ஒரு மணி நேரம். மாலை நாலு மணிக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி விடிவதற்குள் மதுரையில் இறங்கியிருப்பார். இரவு பதினொன்றரை மணிக்கு ரத்து என்று அறிவிக்கும்போது அந்தக் கடைசி வழியும் அடைபட்டுப்போகிறது. தாமதம் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. மறைத்தது, முடிவெடுக்கும் உரிமையையே பறித்துக்கொண்டது. இரண்டாவதை மன்னிக்க முடியாது.

இப்படித் தவணைமுறையில் தாமதத்தைச் சொல்வதால் நிறுவனத்துக்கு ஆதாயமும் இருக்கிறது. குறைந்த தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ தர வேண்டும். இவை டிஜிசிஏ விதிகள். ஒரு மணி, ஒரு மணியாக நீட்டிக்கொண்டே போனால், பயணி எதைக் கேட்பது, எப்போது கேட்பது? முன்னறிவிப்பின்றி ரத்தானால் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு; தாமதத்துக்கு, அது எத்தனை மணி நேரமானாலும், ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 250 முதல் 600 யூரோ வரை கேட்டு வாங்கலாம்.

தாமதம் பற்றிய சரியான தகவலை உடனுக்குடன் இணையதளத்திலும் குறுஞ்செய்தியிலும் தர வேண்டும் என்று டிஜிசிஏ உத்தரவிட்டது 2024 ஜனவரியில். டெல்லியில் தாமத அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்த விமானியைப் பயணி ஒருவர் தாக்கியதும், மும்பையில் பயணிகள் விமானங்கள் நிற்கும் தளத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் நாட்டையே அதிரவைத்த நேரம் அது. தாக்கியது குற்றம், அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அந்த உத்தரவு வந்து இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள்தான் டிசம்பர் வந்தது. உத்தரவு தாளில் இருந்தது, கவுன்ட்டரில் இல்லை.

அந்த கவுன்ட்டரில் நிற்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் வேலைக்கு வந்து அதிகக் காலம் ஆகாத இளைஞர்கள். எந்த விவரமும் அவர்களுக்கும் சொல்லப்படுவதில்லை. முந்நூறு பேரின் கோபத்துக்கு முன்னால் அவர்களை நிறுத்திவிட்டு, முடிவெடுக்கும் அதிகாரிகள் கண்ணில் படாமல் இருப்பது கோழைத்தனம்.

ஆகவே அரசு விதியைத் திருத்தியாக வேண்டும். வர வேண்டிய விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதை நிறுவனம் பயணியின் கைப்பேசிக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. காரணம் எழுத்தில் வர வேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021இல் ரயில்வேக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது. விமான நிறுவனங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு? மூன்று மணி நேரத்தைத் தாண்டும் தாமதத்துக்குப் பணமாக இழப்பீடு வேண்டும். ஓராண்டுக்குள் அதே நிறுவனத்தில் பறந்தால்தான் பயன்படும் கூப்பனாக அல்ல. தெரிந்தே தகவலை மறைத்ததற்குத் தனி அபராதம் விதித்து, அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கிலேயே போட வேண்டும்.

டிசம்பர் 6ஆம் தேதி, நெருக்கடியின் நடுவிலேயே, தூரத்துக்கேற்ப 7,500 முதல் 18,000 ரூபாய் வரை கட்டண உச்சவரம்பை அறிவிக்க விமானப் போக்குவரத்து அமைச்சகத்தால் முடிந்தது. இந்தத் திருத்தங்களை அறிவிக்க அடுத்த பனிக்காலம் வரை அதற்கு அவகாசம் தர முடியாது.