கழுத்தைக் காப்போம், ஆட்டத்தைத் தடுக்க வேண்டா

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள்பால் நம் தோட்டத்து மக்களுக்கு இரக்கம் மிகுதி. அவர்களைப் பற்றிய அறிவுதான் குறைவு. இரண்டாக இருக்க வேண்டிய 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே காரணமென 1959இல் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். பெற்றோர் செய்த பாவமுமன்று; கிரகக் கோளாறுமன்று.

இம்மலரின் வாயிலாக அப்பிள்ளைகளின் கழுத்தைப் பற்றி மட்டும் கூற விழைகிறோம். தலையைத் தாங்கும் முதற் கழுத்தெலும்பு வளையம் போன்றது. இரண்டாம் எலும்பின் முளையொன்று அவ்வளையத்துள் நிற்கிறது. அம்முளையை இறுகப் பிடித்திருக்கும் நார் இப்பிள்ளைகளுக்குத் தளர்ந்திருக்கக் கூடும். எலும்பு விலகினால் பின்னே செல்லும் தண்டுவடம் நசுங்கும். எக்ஸ்ரேயில் இத்தளர்ச்சி நூற்றுக்கு 10 முதல் 20 பேரிடம் தெரியும். ஆயினும் துன்புறுவோர் ஓரிருவரே.

1983இல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம், கழுத்துக்கு ஆபத்தான ஆட்டங்களில் சேர எக்ஸ்ரே வேண்டுமென விதித்தது. ஆனால் இன்று எடுத்த படம் நாளைய கழுத்துக்கு உறுதி கூறாது. ஆகவே, நோய்க்குறி இல்லாத பிள்ளைக்கு வழக்கமான எக்ஸ்ரே தேவையில்லை, குறிகளைப் பெற்றோர் அறிந்திருப்பதே முக்கியம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல் அறிவுறுத்தியது. பொறுப்பு நம் கண்களிடம் வந்துவிட்டது.

நன்றாக நடந்த பிள்ளை தடுமாறுகிறதா? தலையைச் சாய்த்தே வைத்திருக்கிறதா? கைப்பிடி தளர்கிறதா? பழகிய பின்னரும் சிறுநீர் அடக்க இயலவில்லையா? அடம் என்று அதட்டாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கழுத்து வலிக்குச் சுளுக்கெடுப்பவரிடம் போய்த் தலையைத் திருகச் செய்வது நம்மிடையே உள்ள வழக்கம். இப்பிள்ளைகளுக்கு அது பேராபத்து. எவர் பரிந்துரைத்தாலும் இணங்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்னரும் மருத்துவரிடம் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

மாணவர்களே, விளையாட்டாகவும் அவர்கள் பிடரியில் அடிக்காதீர்கள். கழுத்தைப் பிடித்து வளைக்காதீர்கள். குட்டிக்கரணமும் டிராம்போலின் குதிப்பும் அவர்களுக்கு வேண்டா.

இவற்றைக் கேட்டு அஞ்சி, பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வோரும் உளர். அதை நாம் ஏற்பதற்கில்லை. ஊனமுற்ற பிள்ளையைப் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை மலேசியாவில் 2019இல் வந்தது. சேர்த்துக்கொண்ட பிள்ளையைப் போட்டி நாளன்று கூடாரத்தில் அமர்த்தி, மிட்டாய் கொடுத்து அனுப்புவதும் ஒருவகை மறுப்பே. குறி ஏதும் இல்லாத பிள்ளையை ஓட்டக் கோட்டில் நிறுத்துங்கள். அவன் கடைசியாக வந்தாலும் வரட்டும்.