படிக்கட்டு விளக்குக்கும் முகவரி வேண்டும்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் 1999 நவம்பரில் ஓடத் தொடங்கியதிலிருந்து, மின்கோளாறு என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரயில் நின்றுபோனால் திட்டிக்கொண்டே பேருந்துக்கு நடப்போம். பத்தாவது மாடியில், ஜன்னல் இல்லாத படிக்கட்டில் நிற்கும்போது மின்சாரம் போனால் திட்டக்கூட நேரமிருக்காது. தலைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு அந்தக் கணமே தன் பேட்டரியில் எரிந்தாக வேண்டும். அது எரியுமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கட்டடப் பராமரிப்பில் மேற்பார்வையாளன் நான். என்னோடு வேலை செய்யும் தம்பிகளில் பலர் அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாதாமாதம் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு எமர்ஜென்சி லைட்டிலும் டெஸ்ட் பட்டனை அமுக்குவார்கள். ஏணி நிற்காத படிக்கட்டுத் திருப்பத்தில் துடைப்பக் கம்புதான் கை கொடுக்கும். அமுக்கினால் எரியும், விட்டால் அணையும், தாளில் ஒரு டிக். ஐந்து விநாடி எரிந்த பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குமா என்பதை அந்த டிக் சொல்லாது. அதற்கு இணைப்பைத் துண்டித்துவிட்டு, விதி கேட்கும் நேரம் முடியும்வரை ஆள் நின்று பார்க்க வேண்டும். விளக்குகளோ நூற்றுக்கணக்கில், ஆட்களோ நாலைந்து பேர். நம் ஊர்ச் சூட்டில், ஃபால்ஸ் சீலிங்குக்குள் வெந்துகொண்டிருக்கும் பேட்டரி, நான்கு வருடம் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்டிருந்தாலும் அதற்கு முன்பே உப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால்தான் வயர்லெஸ் கண்காணிப்பு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சின்ன ரேடியோ. குறித்த நேரத்தில் விளக்கு தானே சோதனை செய்துகொண்டு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கியது என்ற தகவலை அடுத்த விளக்குக்குத் தரும். அது அதற்கடுத்ததற்கு. குடம் கைமாறுவதுபோலத் தகவல் கடைசியில் கேட்வே பெட்டிக்குப் போய், அலுவலகத் திரையில் பச்சைப் புள்ளியாகவோ சிவப்புப் புள்ளியாகவோ நிற்கும். பழைய கட்டடத்தில் சுவரைக் குடைந்து கண்ட்ரோல் கேபிள் இழுக்கும் செலவு மிச்சம். தானியங்கிச் சோதனைக்கு ஐஇசி 62034 என்ற அனைத்துலகத் தரமும் இருக்கிறது. முக்கியமாக, ரேடியோ செத்துப்போனாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். ரேடியோ தகவல் சொல்ல மட்டும்தான். இந்தப் பிரிவினை இல்லாத பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம்.

ஆனால் வாங்குபவர்கள் மயங்குவது திரையைப் பார்த்து. விலைப்புள்ளியில் விளக்கு எத்தனை, கேட்வே எத்தனை, மென்பொருள் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். எல்லாவற்றையும் பொருத்தியபின் சரிபார்த்து, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் கமிஷனிங் மட்டும் கடைசியில் ஒரு மொத்தத் தொகை. ஒப்படைக்கும் தேதி நெருங்க நெருங்க அதைத்தான் முதலில் கிள்ளுவார்கள்.

விளக்கோடு ஒரே எண் அச்சிட்ட இரண்டு ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று விளக்கிலேயே இருக்கும். மற்றதை உரித்து, கட்டட வரைபடத்தில் அந்த விளக்கு தொங்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். அதுதான் அந்த விளக்கின் முகவரி. பெட்டிகளை ஒரே மாடியில் மொத்தமாகப் பிரித்து, கைக்குக் கிடைத்ததை மாட்டி, சாயங்காலம் ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டிவிட்டால் தீர்ந்தது கதை. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் ஏழாம் மாடிப் படிக்கட்டு என்று திரை காட்டிய சிவப்புப் புள்ளி, உண்மையில் அடித்தளக் கார் நிறுத்துமிடத்து விளக்கு. ஏழாம் மாடியில் நன்றாக இருந்த பேட்டரியை மாற்றினார்கள். சிவப்பு போகவில்லை. சிஸ்டம் சரியில்லை என்று திட்டினார்கள்.

இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணமானது. ஒருவர் திரை முன்னால், ஒருவர் மாடியில், கையில் வாக்கிடாக்கி. "செவன் பி போடுங்கண்ணே." திரையில் தட்டினால் விளக்கு கண் சிமிட்ட வேண்டும். "சிமிட்டுது, அடுத்தது." ஒன்றுவிடாமல் இப்படிப் போனால் நாட்கள் பிடிக்கும். பிடிக்கட்டுமே.

ரேடியோவுக்கும் நம் கட்டடங்களுக்கும் ஒத்துப்போவதில்லை. படிக்கட்டைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட், வாசலில் கனமான தீத்தடுப்புக் கதவு. 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் கருவி என்றால் ஒவ்வொரு கடையின் வைஃபையோடும் முட்டிக்கொள்ளும். 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை இங்கே இத்தகைய கருவிகளுக்குத் திறந்திருக்கிறது, அது சுவரைக் கொஞ்சம் நன்றாகத் துளைக்கும். எதுவானாலும் கேட்வே எங்கே என்பதைக் கதவுகளைச் சாத்திவிட்டு அளந்து முடிவு செய்ய வேண்டும். கடைகள் திறந்து அலமாரிகள் நிறைந்தபின் மறுபடி அளக்க வேண்டும். காலிக் கட்டடத்தில் கிடைத்த சிக்னல், ஆள் குடிவந்தபின் கிடைக்காது.

கடைசியாக, ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை இறக்கிப் பார்க்க வேண்டும். பலர் கைவைக்கப் பயப்படுவது இதில்தான். பேட்டரி முழுதாக ஏறவே ஒரு நாள் ஆகலாம் என்பதால், மாட்டியதும் சோதித்துப் பயனில்லை. சோதனை முடிந்த மறுநிமிடம் உண்மையாகவே மின்சாரம் போனால் எல்லாப் பேட்டரியும் காலி. எனவே ஆள் புழங்கத் தொடங்கிய கட்டடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக, வேறு வேறு நாளில் சோதிக்கும்படி திட்டமிட வேண்டும். இதையும் மென்பொருள் செய்யும், அமைத்துக் கொடுத்தால்.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்பவர்கள் ராபின்சன்ஸை நினைக்க வேண்டும். 1972 நவம்பர் 21 அன்று ராஃபிள்ஸ் பிளேசில் அந்தக் கடைத்தொகுதி எரிந்தபோது இறந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் மின்தூக்கிகளுக்குள் சிக்கியவர்கள். தீ என்றால் படிக்கட்டுதான் வழி. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் பால்கனிக்குள் புகை ஏறியபோது மின்சாரமும் போனது, வழிகாட்ட அவசர விளக்கும் இல்லை. 59 பேர் இறந்தார்கள். தீயே இல்லாமலும் இருட்டு வரும். 2018 செப்டம்பர் 18 அதிகாலை சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் மின்சாரம் போய், முழுவதும் திரும்ப 38 நிமிடங்கள் ஆயின. ஐந்து விநாடி டிக் அங்கே எதற்கு உதவும்?

இருநூறு பேருக்கு மேல் கொள்ளும் பொதுக் கட்டடங்கள் ஆண்டுதோறும் குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும், அதற்கு நிபுணத்துவப் பொறியாளர் வந்து சோதித்துக் கையெழுத்திடுகிறார். மீதி 364 நாளும் அந்தச் சிவப்புப் புள்ளி யாருடையது? எச்சரிக்கை மின்னஞ்சல் வேலையை விட்டுப் போனவர் பெயருக்கே போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் புக்கிட் பாஞ்சாங் நடுவிலேயே பாருங்கள்: கடைத்தொகுதி, பேருந்து முனையம், இரண்டு ரயில் நிலையங்கள், மேலே வீடுகள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நிர்வாகங்கள் வேறு வேறு. புகையில் ஓடுகிறவருக்கு எந்த விளக்கு யார் கணக்கில் என்று தெரியுமா? எல்லைக் கதவுக்கு இருபுறமும் உள்ள விளக்குகளின் நிலையையாவது இரண்டு பக்கத்துத் திரைகளும் காட்டலாம். தொழில்நுட்பத்தில் தடை இல்லை, பேசிக்கொள்ள வேண்டியது நிர்வாகங்கள்.

இனி ஏணிக்கு வேலை இல்லை, நமக்கும் இல்லையா என்று தம்பிகள் கேட்கிறார்கள். பேட்டரியை மாற்ற ஏணி வேண்டும், ஆளும் வேண்டும். எந்த விளக்கு எந்தக் கதவுக்குப் பின்னால், எதன் மூடித் திருகு தேய்ந்திருக்கிறது என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி. முகவரி ஒட்டும் வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. நிர்வாகக் குழுக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த விலைப்புள்ளியில் கமிஷனிங்கைத் தனி வரியாகப் போடுங்கள். கண் சிமிட்டும் சோதனையும் மெயினை இறக்கும் ராத்திரியும் முடிந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்தச் சோதனைகளில் உங்கள் பராமரிப்பு ஆட்களும் நிற்க, ஓவர்டைம் சம்பளத்தையும் அதே வரியில் சேருங்கள்.