ஃபில்லர் ஊசி: விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

"முகூர்த்தத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. ஒரே ஊசியில சிரிப்புக் கோடு போயிடுமாமே?" ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீட்டுப் பேச்சில் இந்தக் கேள்வியும் இப்போது சேர்ந்துவிட்டது. கேட்பது மணப்பெண் மட்டுமல்ல, சில வீடுகளில் அம்மாவும்தான். "லஞ்ச் பிரேக்ல முடிஞ்சிடும்" என்று ரீல்ஸ் வேறு ஆசை காட்டுகிறது.

சுருக்கத்தைக் குறைக்க நினைப்பதில் தப்பே இல்லை. அது அவரவர் முகம், அவரவர் காசு. ஆனால் ஃபில்லர் என்பது ஃபேஷியல் மாதிரி ஒரு பார்லர் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்காருவதுதான் ஆபத்து.

ஃபில்லர் என்றால் என்ன?

வயது ஏற ஏற முகத்தில் கொலாஜன் குறைகிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மெலிகிறது, எலும்பும் கொஞ்சம் தேய்கிறது. அதனால் விழும் பள்ளத்தை ஜெல் போன்ற பொருளால் நிரப்புவதுதான் ஃபில்லர். பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரானிக் ஆசிட். நம் உடலிலேயே இருக்கும் பொருள்தான் இது. போடும் இடத்தையும் ஜெல்லின் வகையையும் பொறுத்து, சுமார் 6 முதல் 18 மாதம் வரை நிற்கும்.

போடாக்ஸும் இதுவும் ஒன்றல்ல. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோடுகளுக்கு அது. 3, 4 மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும். மூக்கோரத்தில் இருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு போன்ற பள்ளங்களுக்குத்தான் ஃபில்லர்.

எங்கே சிக்கல்?

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், கன்றிப்போன நிறம் எல்லாம் வரலாம். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது வேறு. ஜெல் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாமல் தோல் அழுகலாம். மூக்கிலும் புருவ மத்தியிலும் உள்ள ரத்தக் குழாய்கள், கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அங்கே அடைப்பு ஏற்பட்டால் பார்வையே போகலாம். விழித்திரை ரத்தமின்றித் தாங்குவது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இது அரிதாக நடப்பதுதான். ஆனால் நடந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு.

ஹையலுரானிக் ஆசிட் ஃபில்லரைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. ஊசி போடுகிற அறையிலேயே அது இருக்க வேண்டும். அடைப்பைக் கண்ட உடனே அதைப் போடத் தெரிந்த கையும் இருக்க வேண்டும்.

யார் போடலாம்?

இத்தகைய அழகுச் சிகிச்சைகளை முறையான பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வதோ, பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதோ பயிற்சி ஆகாது என்றும் அதில் சொல்லியிருக்கிறது. அப்படி எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதே நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாடமும் இல்லை. 2016-ல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த மையத்திடம் இருந்தது சலூன் உரிமம்தான் என்று பிறகு தெரியவந்தது. மருத்துவம் படித்தவரே ஏமாறும்போது மற்றவர்கள் கதி என்ன?

அந்த 3 கேள்விகள்

1. ஊசி போடப்போவது யார்? பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றையும் கேளுங்கள். மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போனிலேயே சரிபார்க்கலாம். ஆலோசனை சொல்பவர் டாக்டர், ஊசி போடுபவர் வேறொருவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. உள்ளே போவது என்ன? பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதி தேதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள்? ஹையலுரானிடேஸ் இருக்கிறதா, ராத்திரி கூப்பிட்டால் யார் போன் எடுப்பார்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

ஆன்லைனில் விற்கும் ஊசியில்லா 'ஹையலுரான் பேனா' பக்கமே போக வேண்டாம். ஃபில்லருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது

தில்லைநகரில் மருத்துவமனை, லேப், அழகு நிலையம் எல்லாம் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கின்றன. போர்டைப் பார்த்து எது கிளினிக், எது பார்லர் என்று சாதாரண ஆளால் பிரிக்க முடியாது. அழகுக்கான சிகிச்சை என்றால் 18% ஜிஎஸ்டி உண்டு. இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடையாது. வரி வாங்கும்போது அழகு என்று பிரிக்கத் தெரிந்த அரசுக்கு, ஊசியைப் பிடிக்கும்போது இது மருத்துவம் என்று காட்டவும் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்ய 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு பெற்ற தோல் மற்றும் அழகுச் சிகிச்சை மையங்களின் பட்டியலைத் திருச்சி மாவட்ட சுகாதாரத் துறை இணையத்தில் போடட்டும். டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத விளம்பரத்துக்கு நோட்டீஸ் அனுப்பட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரை நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு கேள்வி கேட்பதுதான். ஊசி போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். போட்ட டாக்டரை உடனே கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முகூர்த்தத் தேதியை மாற்றிக்கொள்ளலாம், போன பார்வை வராது.